பறி கடித்த வாய்

மீஞ்சூரில் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு சும்மா கிடந்த மனுஷனை மறுபடி இழுத்துவிட்டார்கள். ராபர்ட் உளவு வேலையை விட்டு ஒன்பது வருஷமாகிறது. ஆனால் தனசேகரை நேரில் பார்த்தவர்களில் உயிரோடிருப்பது அவர் ஒருவர்தானே! தனசேகர் துறைமுக ரகசியங்களை வெளிநாட்டுக்கு விற்றவன். ராபர்ட்டின் கூட்டாளி ஆதிகேசவனைக் கொன்றுவிட்டு முப்பது வருஷமாகத் தலைமறைவாக இருப்பவன். பழவேற்காட்டுப் பக்கம் இருக்கிறானாம். அடையாளம், இடது கைச் சுண்டுவிரல் பாதிதான்.

"அவன்தான்னு போன்ல ஒரு வார்த்தை சொல்லுங்க சார், தூக்கிடறோம்" என்று ஜீப்பில் வந்தவர்கள் சாலையிலேயே நின்றுகொண்டார்கள்.

இறால் வாங்க வந்தவர்போல ஏரிக்கரைக்குப் போனால், விரலைப் பார்ப்பதெங்கே? பத்துப் பேர் தண்ணீரில் தவழ்ந்து சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறார்கள். கைகள் நீருக்குள்ளே, பிடித்ததைப் போடும் பனையோலைப் பறி பல்லுக்கிடையே. ஒரு கிழவரின் இடது கை மேலே வந்தது. பாதி விரல்! ராபர்ட் போனை எடுத்தார். அடுத்த நிமிஷம் பக்கத்து ஆளின் கையும் வந்தது. அவனுக்கும் பாதி விரல். அட கர்மமே!

கரையில் இறால் பிரித்துக்கொண்டிருந்த எல்லம்மா சிரித்தாள். "இன்னா சார் அப்டி பாக்குற? கெளுத்தி முள்ளு குத்தி சீழ் புடிச்சா வெட்டித்தான் எடுப்பாங்க. இங்க பாதிப் பேருக்கு வெரலு கொறச்சல்தான்."

கிழவர் பறியைக் கொட்டக் கரையேறினார். மூக்கு தனசேகருடையது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. தாடி வேறு. ராபர்ட் போனையும் கிழவரையும் மாறி மாறிப் பார்த்தார். தப்பாகச் சொன்னால் ஓர் ஏழை கம்பி எண்ணுவான். சொல்லாமல் விட்டால் ஆதிகேசவனுக்கு என்ன பதில்? அப்போதுதான் கிழவரின் பல்லைப் பார்த்தார். முன்பல் எல்லாம் ஈறுவரை தேய்ந்திருந்தது. பிறந்ததிலிருந்து பறி கடித்த வாய் இது, சந்தேகமே இல்லை.

"அவன் இல்ல. கிளம்புங்க" என்றார் போனில். ஜீப் போய்விட்டது.

கிழவர் மறுபடி நீரில் இறங்கினார்.

"பெரியவருக்குப் பரம்பரைத் தொழிலா?" என்று எல்லம்மாவிடம் கேட்டுவைத்தார் ராபர்ட்.

"அட, நீ வேற! எனுக்குக் கண்ணாலம் ஆன வருசம் எங்கிருந்தோ வந்தாரு. அப்போ பறியக் கடிக்கவே தெரியாது. இத்தினி வருசம் கடிச்சா யாருக்குத்தான் பல்லு தேயாது?"

ராபர்ட் விருட்டென்று திரும்பினார். கிழவர் வாயிலிருந்து பறியை எடுத்துக் கையில் பிடித்திருந்தார்.

"ஆதிகேசவன் பொஞ்சாதி நல்லாருக்காங்களா, ராபர்ட்டு?"

"நல்லாருக்காங்க" என்று பாழாய்ப்போன வாய் தன்னால் சொல்லிவிட்டது.