இரட்டை முடிச்சு

“அம்மா, இதுக்கு மட்டும் ஏன் ரெண்டு முடிச்சு?”

அரியன்னி நாலு வயதில் கேட்டது. அப்போது அவர்கள் வெனிசுவேலாவில், சொந்த வீட்டில் இருந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு வாழையிலையில் மடித்து அயாக்காப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த யோலிமார், “அது உங்க மாமாவோடது. அவனுக்குத் திராட்சை ஆகாது. நாம மறக்கலைன்னு முடிச்சு சொல்லும்” என்றாள்.

இப்போது பெரு நாட்டில், லிமாவில் அரியன்னிக்கு ஏழு வயது. வந்த பிறகு இரண்டு கிறிஸ்துமஸ் அயாக்கா இல்லாமலே போயின. இந்த வருடம் யோலிமார் வாக்குக் கொடுத்துவிட்டாள். அவள் கணவனோடு மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோகும் எட்டுப் பேர், குடும்பத்தை ஊரில் விட்டு வந்தவர்கள், நாளை இரவு விருந்துக்கு வருகிறார்கள். ஐம்பது பொட்டலம் வேண்டும். மாவு பிசைந்தாயிற்று. மாடு, பன்றி, கோழி மூன்றும் சேர்ந்து ஒரே குழம்பாகிவிட்டன. இலையும் துடைத்தாயிற்று. பானைதான் இல்லை. அவளிடம் இருந்ததில் ஒரு தடவைக்கு ஐந்துதான் வேகும்.

பொது முற்றத்துத் துவைக்கும் தொட்டியருகே நின்ற எர்மெலிந்தாவிடம் கேட்டாள். மரியாதைக்கு எல்லோரும் “தோன்யா” என்பார்கள். ஞாயிறுதோறும் கோவில் வாசலில் தமால் விற்பவள். பெரிய பானை இரண்டு வைத்திருந்தாள்.

“எதுக்கு? தமால் அவிக்கவா?”

“தமால் இல்ல, தோன்யா. அயாக்கா.”

“மாவு, உள்ள கறி, மேல வாழையிலை. எங்க ஊர்ல அதுக்குப் பேரு தமால்தாம்மா. திராட்சையப் போட்டுக் கெடுத்துட்டா பேரு மாறிடுமா?”

துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். பானையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

யோலிமாருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வீட்டை விட்டாள், ஊரை விட்டாள். பேரையும் விட வேண்டுமா? முற்றத்தைச் சுற்றி ஐந்து வீடு, ஐந்து வாசலிலும் குடில். நிறைமாதத்தில் இடம் கேட்டு வந்த மாதாவுக்குக் கதவைச் சாத்தினார்களே என்று வருடாவருடம் உருகுகிறவர்கள், ஒரு பானை கேட்டால் சிரிக்கிறார்கள். ஆண்டவரிடமே முறையிட்டாள். அந்த ஜெபத்தில் பணிவு இருந்ததாகச் சொல்ல முடியாது.

விடிந்து கதவைத் திறந்தபோது படியில் ஒரு பெரிய பானை இருந்தது. மூடியின் பிடி போய், அந்த இடத்தில் கம்பியால் ஒரு தக்கை கட்டியிருந்தது. முற்றத்தில் எல்லோருக்கும் தெரிந்த தக்கை. உள்ளே மஞ்சள் மிளகாய் வாசனை.

நன்றி சொல்லப் போனாள். பண்டிகைக்குத் தமால் வாங்க வந்தவர்கள் வாசலில் காத்து நிற்க, எர்மெலிந்தா மிச்சமிருந்த ஒற்றைப் பானையோடு வேர்த்து வழிந்துகொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“என்ன பானை? எனக்கொண்ணும் தெரியாது. போ, உன் தமால் அடி புடிச்சிடப் போகுது.”

நன்றியைக்கூட வாங்கிக்கொள்ளாத திமிர்! யோலிமார் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினாள். இலையை விரித்து, மாவைத் தட்டி, கோபம் தீரும் மட்டும் நூலை இழுத்து இழுத்துக் கட்டினாள். கடைசி நான்கிற்கு வந்தபோது கை நின்றது. பன்றிக்கறி கூடாது என்று சொன்ன டாக்டரை எர்மெலிந்தா ஒரு மாதமாக முற்றம் முழுக்கக் கேட்கும்படி திட்டிக்கொண்டிருந்தாள். தான் விற்கும் தமாலைத் தானே தின்ன முடியாத ஆத்திரம் அது.

கோபம் ஆறியிருக்கவில்லை. ஆனாலும் தனியே ஒரு கோழியை வேகவைத்துப் பிய்த்தாள். அந்த நான்கையும் கட்டி, ஒவ்வொன்றிலும் இன்னொரு முடிச்சுப் போட்டாள்.

மாலைக்குள் ஐம்பதும் வெந்து இறங்கின. பூசைக்கு மணி அடித்ததும் முற்றம் காலியானது. அரியன்னியும் அப்பாவோடு போய்விட்டாள். யோலிமார் பானையைத் தேய்த்துக் கழுவித் துடைத்து, நான்கையும் உள்ளே வைத்து, எர்மெலிந்தாவின் வாசலில், குடிலுக்குப் பக்கத்தில் இறக்கினாள். நாலடி போனவள் திரும்பி வந்து தக்கையைப் பிடித்து மூடியைத் தூக்கினாள். ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதைத் திருப்பி, முடிச்சுகள் மேலே தெரியும்படி வைத்து மூடிவிட்டு, பூசைக்கு நடந்தாள்.