செவ்வாய்க்கிழமை கில்ட்

மூன்று இரவுகளாக லாக்லனுக்கு ஒரே கனவு. அப்பாவின் கில்ட், ஊர் ஆண்கள் இடுப்பில் முட்டிவரை கட்டும் கொசுவப் பாவாடை, கடல்மேல் தனியாக நடந்து போகிறது. உள்ளே ஆள் இல்லை, ஆனால் நடை அப்பாவுடையது. இடதுபக்கம் லேசாகச் சாய்ந்து, அடிக்கு ஒருமுறை பின்கொசுவம் விரிந்து மூட, வளைகுடாவின் அக்கரைக்குப் போகிறது. அக்கரையில் அண்ணன் ஹெக்டரின் வீடு.

நான்காம் நாள் காலையில் எழுந்ததும் அலமாரியைத் திறந்தான். அந்துருண்டை வாசனையோடு கில்ட் தொங்கிக்கொண்டிருந்தது. கரும்பச்சையும் நீலமும் கட்டம் போட்ட எட்டு கஜம் கம்பளி. கையில் எடுத்தால் தூங்கும் குழந்தையின் கனம் இருக்கும்.

அது லாக்லனுக்குச் சேர வேண்டியதே இல்லை. மூத்தவனுக்குப் போக வேண்டியது. அப்பா இறந்தபோது ஹெக்டர் வடகடல் எண்ணெய் மேடையில் வேலையில் இருந்தான். புயலில் ஹெலிகாப்டர் கிளம்பவில்லை. சவப்பெட்டியைச் சுமக்க லாக்லன்தான் அதைக் கட்டிக்கொண்டான். பிறகு திருப்பித் தரவில்லை. தரக்கூடாது என்றில்லை, அவனே வந்து கேட்கட்டும் என்று இருந்தான். ஹெக்டரும் வந்தான், கேட்கத்தான் இல்லை. "அதக் கட்டிக்கிட்டு என் சாவுக்கு மட்டும் வந்துடாத" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனான். அதோடு பதினோரு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. ரோஷத்துக்கு மட்டும் அந்தக் குடும்பத்தில் என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை.

அந்த ஊரில் வயசானவர்கள் கில்ட் கட்டுவது இரண்டுக்குத்தான்: கல்யாணம், சாவு. பதினோரு வருஷத்தில் லாக்லன் அதைப் பதினான்கு முறை கட்டினான், பதினான்கும் சாவு. பனிக்காலம் முழுக்க ஹெக்டர் நெஞ்சுச்சளியோடு படுத்திருந்ததாகக் கேள்வி. அடுத்த முறை இதை எடுப்பது அவனுக்காக இருந்துவிடுமோ என்று லாக்லன் பயந்தான். அதற்கு முன்னால் இந்தத் துணி ஒரு நாளாவது சாவு இல்லாத வெளிச்சத்தைப் பார்க்கட்டும் என்று நினைத்தான்.

கட்டினான். வார்களை இழுத்துப் பூட்டினான், தோல்பையை முன்னால் தொங்கவிட்டான், வெளியே வந்தான்.

மே மாதத்து மூடுபனி. கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. முழங்காலில் பட்ட காற்று மெதுவாகத் தொடைக்கு ஏறியது. கொசுவம் அவனுக்குப் பின்னால் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டு வந்தது. நடப்பது தான்தானா, அப்பாவா, கனவில் வந்த வெறும் துணியா என்று அவனுக்கே சந்தேகம். ஆனாலும் சந்தோஷமாக இருந்தது, வெட்கமில்லாத சந்தோஷம்.

தபால் வண்டி பக்கத்தில் வந்து நின்றது. ஊனா கண்ணாடியை இறக்கினாள்.

"என்ன மாப்பிள்ள, காலங்காத்தால முட்டியக் காட்டிக்கிட்டு? யாருக்குக் கல்யாணம்?"

"கல்யாணம்லாம் இல்ல."

"அப்ப..." ஊனாவின் சிரிப்பு பாதியில் நின்றது. கை நெஞ்சுக்குப் போனது. "ஐயோ, லாக்லன். பேசாம இருந்தாலும் ரத்தம் விடுமா" என்று முனகிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

தனக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்று பரிதாபப்படுகிறாள் என்றுதான் லாக்லன் நினைத்தான். இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் தபால் போகாத வீட்டுக்கும் ஊனாவின் சேதி போய்விடும் என்பதை அவன் மறந்துவிட்டான்.

படகுத்துறையில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தவர்கள் அவனைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார்கள். பனியில் நிழல்களாக நின்றார்கள். ரொட்டிக்கடை இஷ்பெல் மாவுக்கையோடு ஓடிவந்து, ஒரு காகிதப் பையை அவன் கையில் திணித்தாள். உள்ளே சூடாக ஏதோ இருந்தது.

"உங்க அண்ணன் தங்கமான மனுஷன் லாக்லன். போன வாரம்கூட வண்டியில வந்து ஓட்ஸ் பிஸ்கட் வாங்கிட்டுப் போனாரு. தேறித்தானே வந்தாரு! இப்படி பொசுக்குன்னு போவாருன்னு யாரு கண்டா?"

லாக்லனுக்குக் காது அடைத்தது.

யார் சொன்னது, எப்போது என்று கேட்டிருக்கலாம். கேட்டால், கூடப்பிறந்தவன் செத்ததுகூட இவனுக்குத் தெரியாது என்று ஊர் காறித் துப்பும். அந்த நேரத்திலும் பாழாய்ப்போன ரோஷம் வாயைக் கட்டிப்போட்டது. "ஆமா" என்று மட்டும் சொன்னான். அப்போதுதான் கனவு ஞாபகம் வந்தது. மூன்று நாளாக அது சொல்லியிருக்கிறது, தனக்குத்தான் புரியவில்லை.

கரையோரமாக அக்கரைக்கு இரண்டு மைல். அந்த இரண்டு மைலும் தன் காலில் நடந்ததாக அவனுக்கு நினைவில்லை. பனிக்குள் ஒரு கடல்நாய் தலையைத் தூக்கி அவனையே பார்த்துக்கொண்டு கூடவே நீந்தி வந்தது. "வராதன்னான், நான் வரேன்" என்று அதனிடம் சொன்னான். "கழட்டிக் குடுத்திருக்கலாம். ஒரு துணி. வெறும் துணி." கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமல் நடந்தான்.

ஹெக்டரின் வீட்டுப் புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது. செத்த வீட்டில் யார் அடுப்பு மூட்டியது? கதவைத் தட்டினான்.

கதவைத் திறந்தது ஹெக்டர். கையில் தேநீர்க் கோப்பை. பாதியாக இளைத்திருந்தான். தம்பியின் முகத்தைப் பார்த்தான், கில்டைப் பார்த்தான், முகம் வெளிறியது.

"யாருடா செத்தது?"

"நீதான்" என்றான் லாக்லன்.

ஹெக்டர் தேநீரை ஒரு வாய் குடித்தான். "எங்கிட்ட யாரும் சொல்லலியே."

"ஊரே சொல்லுச்சு. இஷ்பெல் இதோ, பலகாரமே குடுத்துட்டா." பையை நீட்டினான். ஹெக்டர் அதை வாங்கிப் பிரித்து, ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டுக்கொண்டான்.

"என் சாவுக்கு இதக் கட்டிக்கிட்டு வராதன்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்ன."

"அப்புறம் எதுக்குடா வந்த?"

"வராம எப்படிண்ணே இருப்பேன்?"

பதினோரு வருஷம் கழித்து அந்த 'அண்ணே' வாசலில் விழுந்தது. ஹெக்டர் மென்றுகொண்டிருந்ததை விழுங்க முடியாமல் இருமினான். லாக்லன் முதுகைத் தடவிக்கொடுத்தான். சட்டைக்குள் எலும்பு தட்டுப்பட்டது.

இருமல் அடங்கியதும் லாக்லன் வாசலிலேயே நின்று கில்டின் வாரை அவிழ்க்க ஆரம்பித்தான்.

"டேய், டேய்! உள்ள ஏதாவது போட்டிருக்கியா?"

"அப்பா வழிதான். ஒண்ணும் இல்ல."

"அட நாசமாப் போறவனே, உள்ள வா மொதல்ல!"

அரைமணி கழித்து ஹெக்டரின் பழைய கால்சட்டையில் லாக்லன் வெளியே வந்தான். பின்னால் கில்டில் ஹெக்டர். வாரை இழுத்து இழுத்துக் கடைசித் துளையில் பூட்டியிருந்தார்கள். அப்பாவும் லாக்லனும் ஒருநாளும் தொடாத துளை அது. கொசுவம் கொஞ்சம் தொங்கியது. ஆனால் நடை, இடதுபக்கம் லேசாகச் சாய்ந்த அதே நடை. கனவில் போனது இவன்தான் என்று லாக்லனுக்குத் தோன்றியது.

இரண்டு மைலை மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்து கடந்தார்கள். படகுத்துறைக்கு வந்தபோது பனி விலகிக்கொண்டிருந்தது. இஷ்பெல் துக்கத்துக்காக ஜன்னல் திரையைப் பாதி இறக்கிய கையோடு சிலையாக நின்றாள். ஊனா வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு, ஹெக்டரைத் தலை முதல் முட்டி வரை இரண்டு தடவை பார்த்தாள்.

"அப்ப... யாருதான் செத்தது?"

"யாரும் இல்ல" என்றான் ஹெக்டர், மூச்சு வாங்க, தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு. "இன்னைக்கு வெறும் செவ்வாக்கிழம. என் கில்ட், கட்டியிருக்கேன்."