இருநூற்றுப் பன்னிரண்டாம் வீடு

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு கடிதம். பல்கலைக்கழகத்தின் சமூக ஆய்வு மையத்துக்கு நாற்பது வயதாகிறதாம். முதல் களப்பணியாளன் என்ற முறையில், விழா மலருக்கு அதன் வரலாற்றை நான் எழுத வேண்டுமாம். ஓய்வு பெற்றவன் கையில் காகிதத்தைக் கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்று அங்கே யாரும் ஆய்வு செய்யவில்லை போலும்.

முதல் தொடக்கம்: ‘மாடிப்படிக்கு அடியில், உடைந்த முக்காலிகளுக்கு நடுவே, ஒரு பேராசிரியரும் நானும் தொடங்கிய மையம் இன்று ஒன்பது மாடியாக வானத்தை…’

(“நாலு மாடி” என்றாள், தோளுக்குப் பின்னால் நின்று படித்த மனைவி. “அதுலயும் ஒண்ணு மொட்டை மாடி.”)

அடித்துவிட்டேன்.

2

மையத்தின் புகழெல்லாம் ஒரே வேலையால் வந்தது. நானூறு வீடுகள், ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதே கதவு, அதே கேள்விகள். ஆளில்லாவிட்டால் மூன்று வெவ்வேறு நாள் போய்த் தட்ட வேண்டும். அதன் பிறகுதான் ‘பூட்டிய வீடு’ என்று எழுதலாம். பேராசிரியர் போட்ட விதி.

இருநூற்றுப் பன்னிரண்டாம் வீடு மூன்றாம் மாடியில். முதல் சுற்றின் கடைசி நாள், இடுப்பளவு வெள்ளம்…

(தூறல்தான். எனக்குக் கால் வலி.)

கீழ்ப்படியில் உட்கார்ந்து நானே படிவத்தை நிரப்பினேன். வயது முப்பத்தொன்று. கணவனைப் பிரிந்தவள். ஒரு மகள். தையல் தெரியும், மெஷின் இல்லை. ‘உங்கள் பெரிய கவலை?’ என்ற கேள்விக்கு, ‘மகள் என்னைப் போலவே சிரிக்கிறாள்’ என்று எழுதினேன்.

அதைப் பேராசிரியர் ஒரு மாநாட்டில் வாசித்தார். மையத்துக்குத் தனிக் கட்டடம் வந்தது.

3

இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. முதல் சுற்றோடு என்னை அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆனாலும் அவள் பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். மெஷின் வாங்கினாள். மகளுக்குக் கல்யாணம் செய்தாள். எட்டுச் சுற்றிலும் தவறாமல் பதில் சொன்ன ஒரே ஆள் அவள்தான் என்று விழா மேடையில் கௌரவிக்கப் போகிறார்களாம். நாளைக் காலை ஒரு புதிய ஆய்வாளர் அழைப்பிதழோடு போகிறார்.

இயக்குநரிடம் ஓடினேன். இரண்டாம் சுற்றில் களப்பணிக்குச் சேர்ந்தவள். கொண்டையில் எப்போதும் பென்சில் இருக்கும் என்பதால் பெயரும் பென்சில்.

“அந்தக் கதவை நான் தட்டவே இல்லைம்மா.”

கொண்டையிலிருந்து பென்சிலை உருவினாள். “அவளுக்கு மெஷின் யாரு வாங்கிக் கொடுத்தான்னு நினைக்கிறீங்க?”

“நீயா!”

“ரெண்டு தடவை போனேன்ணே, பூட்டியிருந்துச்சு. மூணாவது தடவைக்கு முன்னாடி நீங்க எழுதினதை எடுத்துப் படிச்சேன். அந்தப் பொண்ணை ‘பூட்டிய வீடு’ன்னு எழுத மனசு வரலை.”

“மிச்சம் ஆறு சுற்று?”

“அடுத்தடுத்து வந்தவங்க. யாரும் சொல்லலை. நானும் கேக்கலை.”

“மகளுக்கு மாப்பிள்ளை பாத்தவன் யாரு? ஆளே சரியில்லை.”

“தெரிஞ்சிருந்தா அன்னிக்கே வேலையை விட்டு அனுப்பியிருப்பேன்.” சிரித்துவிட்டுச் சட்டென நிறுத்தினாள். “இந்த ஒரு வீடு பொய்யின்னு தெரிஞ்சா, மிச்ச வீட்டை எவன் நம்புவான்? மத்த வீட்டுக்கெல்லாம் உண்மையாவே படியேறி இறங்கினாங்கண்ணே. எழுந்திரிங்க, நாம முதல்ல போய்ப் பாத்துருவோம்.”

4

முடிவு ஒன்று: துருப்பிடித்த பூட்டு. பென்சில் ராஜினாமா. (மனைவிக்குப் பிடிக்கவில்லை.)

முடிவு இரண்டு: உள்ளே தையல் மெஷின் சத்தம். எழுபத்தொரு வயதுக்காரி கதவைத் திறந்து, “இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?” என்று… (என் கைவரிசை. நம்பாதீர்கள்.)

நடந்தது இவ்வளவுதான். மூன்று மாடி ஏறினோம். கதவில் பூட்டு இல்லை. வாசலில் ஒரு ஜோடி செருப்பு.

“நீங்க தட்டுங்க” என்றாள் பென்சில். “உங்க முறைதான் பாக்கி.”

தட்டினேன். நாற்பது வருடத் தாமதம். உள்ளே யாரோ நடந்து வந்தார்கள்.

இதை நீங்கள் விழா மலரில் படிக்கிறீர்கள் என்றால், பென்சில் என்ன முடிவெடுத்தாள் என்பது உங்களுக்கே தெரியும். கதவைத் திறந்தவர் யார் என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த வீட்டைப் பற்றி நான் எழுதினால் நீங்கள் நம்பக்கூடாது, நானே நம்பமாட்டேன். முகவரி மையத்தில் கிடைக்கும். மூன்றாம் மாடி. கால் வலித்தாலும் ஏறிவிடுங்கள்.