வளைவுக்கு இந்தப் பக்கம்

2024 ஏப்ரல் 20, சனிக்கிழமை. ஹோர்ட்டன் சமவெளியின் பட்டிப்பொல பக்க வாயிலில் காலை ஏழு மணிக்குப் பதினெட்டு வேன்கள் நின்றன.

அவற்றில் ஒன்றில் டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மாதர் சங்கத்துப் பெண்கள் வந்திருந்தார்கள். காவலர்கள் பைகளைத் திறந்து பிஸ்கட் உறைகளையும் பொலித்தீனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஜீவராணியின் பையில் மட்டும் வாங்குவதற்கு ஒன்றுமில்லை. ரொட்டியைப் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி வந்திருந்தாள். இந்த விதியெல்லாம் கணவன் நிரஞ்சன் சொல்லி அவளுக்குத் தெரியும்.

கல்யாணத்துக்கு முன் நிரஞ்சன் இந்தக் காட்டில் பாதைக்குக் கல் பதிக்கும் வேலையில் இரண்டு வருடம் இருந்தவன். கத்தாருக்குப் போய் ஐந்து வருடமாகிறது. போனில் பேச்சு தேய்ந்து தேய்ந்து, 'சாப்டியா, அங்க மழையா' என்ற அளவில் வந்து நின்றிருந்தது. மார்ச்சில் ஒருநாள் மட்டும் அவனாகவே கேட்டான்.

"சின்ன உலக முடிவுன்னு சொல்ற மலை விளிம்பு தாண்டி எறக்கத்துல ஒரு மகரத்மல் மரம் பாதை மேல சாஞ்சு நிக்கும்னு சொல்வேனே, அது இன்னமும் இருக்கா? இந்நேரம் செவசெவன்னு பூத்திருக்கும்."

"கூட்டிட்டுப் போறேன்னு சொன்னீங்க."

"போவோம்," என்றான். எப்போது என்று சொல்லவில்லை.

அந்த மரத்தடியில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும். ஜீவராணி வந்தது அதற்காகத்தான். அதைப் பார்த்தாலாவது அவனுக்கு ஊருக்கு வரத் தோன்றும் என்று நினைத்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

புல்வெளியைக் கடந்து காட்டுக்குள் நுழைந்ததும் காற்று நின்றது. மரங்கள் உயரமில்லை, கிளையெல்லாம் பாசி பிடித்து நீர் சொட்டியது. பாதையின் இருபுறமும் செடிகள் இளஞ்சிவப்பாகத் துளிர்விட்டு இடுப்பளவுக்கு நின்றன. ஜீவராணி முன்னால் நடந்தாள். அவன் தூக்கி வந்த கல் எதுவாக இருக்கும் என்று குனிந்து பார்த்துக்கொண்டே போனாள். நிரஞ்சனின் தங்கை நிஷாந்தி பின்னால் வந்தாள்.

"அண்ணி, என் தலை என்ன கூடையா?"

ஜீவராணி திரும்பினாள். நிஷாந்தியின் முடியில் இரண்டு தளிர்கள் ஒட்டியிருந்தன.

"அப்ப புடிச்சு ரெண்டு கையாலயும் கிள்ளி முதுகுக்குப் பின்னால வீசிட்டு வாறீங்க. நானும் எவ்வளவு தூரந்தான் பொறுக்கிறது? லீவு நாள்லயும் வேலைக்குப் பேர் போடுறீங்களா?"

ஜீவராணி தன் விரல்களைப் பார்த்தாள். நகக்கண்ணில் பச்சைக் கறை. பதினேழு வருடக் கொழுந்துக் கை. அது அவளைக் கேட்டுக்கொண்டு வேலை செய்யவில்லை.

சிரித்து முடிப்பதற்குள் பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது. பாதையில் கிடந்த தளிர்களைப் பார்த்துக்கொண்டே ஒரு காவலர் வந்து சேர்ந்தார். அவர் கையிலும் ஒரு பிடித் தளிர் இருந்தது.

நிஷாந்தி சிங்களத்தில் விளக்கினாள். அண்ணி கொழுந்து பறிப்பவள், கை பழக்கத்தில் போய்விட்டது, வேண்டுமென்று செய்யவில்லை.

காவலருக்குச் சிரிப்பு வந்தது. "எத்தனை கிலோ?" என்று சிங்களத்தில் கேட்டார். ஆனால் அவருக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் படம் எடுத்தார். காவலரின் முகம் மாறியது. இங்கே ஓர் இலையைக்கூடப் பறிக்கக் கூடாது, அலுவலகத்துக்கு வந்து பெயர் பதிய வேண்டும் என்றார்.

"மாத்தயா, அந்த வளைவு மட்டும்," என்றாள் ஜீவராணி. பாதி தமிழ், பாதி சிங்களம். "ஒரு மரம். பாத்துட்டு வந்துர்றேன்."

வளைவின் ஈரமண்ணில் சிவப்பு இதழ்கள் சில உதிர்ந்து கிடந்தன. காவலரும் அவற்றைப் பார்த்தார். பிறகு பின்னால் நின்றவர்களைப் பார்த்துவிட்டு, முடியாது என்று தலையை அசைத்தார்.

ஜீவராணி தன் போனை நிஷாந்தியிடம் கொடுத்தாள். "நீ போ. பூவ மட்டும் எடுத்துறாத. மரம் சாஞ்சிருக்கிறது தெரியணும்."

"நீங்க இல்லாம என்னத்துக்கு அண்ணி?"

"போடி. பனி மூடிரும்."

திரும்பும் வழியெல்லாம் அவள் கைகளைச் சால்வைக்குள் கட்டிக்கொண்டு நடந்தாள். அலுவலகத்தில் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் எழுதிக்கொண்டு, எச்சரித்து விட்டார்கள். மறுபடி உள்ளே போய்வர நேரமில்லை. வேன் பதினொன்றரைக்குப் புறப்பட்டுவிடும்.

நிஷாந்தி எடுத்த படம் நன்றாக இருந்தது. மரம் பாதையின் மேல் சாய்ந்து, கிளை கொள்ளாமல் பூத்திருந்தது. கீழே ஈரக் கற்கள், ஆள் இல்லை.

பட்டிப்பொல ஸ்டேஷனைத் தாண்டியதும் சிக்னல் வந்தது. படம் போனது. சிறிது நேரத்தில் பதில் வந்தது.

'மரம் இருக்கு. நீ எங்க?'

'பாக்கல. பாதியில திருப்பிட்டாங்க' என்று எழுதி அனுப்பினாள்.

இரண்டு கோடுகளும் நீலமாயின. டிக்கோயா வரும்வரை வேறு பதில் வரவில்லை. திங்கட்கிழமை காலை ஆறரைக்கு ஜீவராணி தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் நின்று அன்றைய வேலைக்குப் பெயர் கொடுத்தாள்.