விதை மல்லாட்டை மேல் நின்ற குதிரை

1993ஆம் ஆண்டு தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், திண்டிவனம் செஞ்சி சாலையில் குடியிருந்த தொம்மையின் வீட்டு வாசலுக்குக் கண்ணுக்குப் புலப்படாத குதிரை ஒன்று வந்து, வெயிலில் தார்ப்பாய் மேல் காய்ந்துகொண்டிருந்த நிலக்கடலையின் மேல் ஏறி, நான்கு முறை காலை உதைத்துவிட்டுச் சென்றது. அன்று சந்தையில் தக்காளி மலிவு. கத்தரிக்காய் விலை சற்றே ஏறியிருந்தது. நிலக்கடலையை இவ்வட்டாரத்தார் மல்லாட்டை என்பர். விதைக்குரிய மல்லாட்டையை இயந்திரத்திலிட்டால் பருப்பு பிளந்துவிடும். பிளந்த பருப்பு முளைக்காது. ஆகையால் மண்டிக்காரர்கள் அதனை மூட்டை மூட்டையாகப் பெண்களின் வீடுகளுக்கு அனுப்பி, கையால் உடைத்து வாங்குவது வழக்கம். தொம்மையின் மனைவி இருதயசெல்வி அத்தொழிலைச் செய்து கட்டைவிரல் தடித்தவர். குதிரை உதைத்த இடங்களில் ஓடு மட்டும் நொறுங்கி, பருப்பு தன் செந்தோல்கூடக் கீறாமல் கிடப்பதை அவர் குனிந்து ஆராய்ந்தார். "யாரு ஊட்டு குதிரையோ தெரியல. ஆனா வேலை தெரிஞ்ச குதிரை," என்று கூறி, பருப்பைப் பொறுக்கி முறத்திலிட்டார்.

அந்நேரம் தொம்மை ரயிலில் இருந்தார். லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் தொழிலினரான அவர், கிண்டியில் குதிரைப் பந்தயம் நடைபெறும் ஞாயிறுகளில், பூசைக்கும் போகாமல், தாம்பரம் செல்லும் பாசஞ்சரில் ஏறிவிடுவார். விழுப்புரத்திலேயே ஏறி அவருக்கு ஜன்னலோரத்தில் துண்டு போட்டு வைப்பவர் நண்பர் தேவநாதன். இவர் விழுப்புரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்திவந்தார். எனினும் எந்தக் குதிரை வெல்லும் என்பது இவர் கண்ணுக்கும் தெரிந்ததில்லை. இருவரும் முதல் ஓட்டம் தொடங்கிக் கடைசி ஓட்டம் ஈறாக ஒன்று விடாமல் பந்தயம் கட்டுவர். ஒன்று விடாமல் தோற்பர். அன்றோ, நான்காம் ஓட்டத்திற்கு முன்பு, குதிரைகளைச் சுற்றி நடத்திக் காட்டும் வளையத்தில், ஒரு செங்குதிரை மட்டும் புளி போட்டுத் துலக்கிய செம்பைப் போலத் தொம்மைக்குத் தனித்துத் தெரிந்தது. கட்டினார், அது வென்றது. வீடு திரும்பியவர் தார்ப்பாயில் பதிந்திருந்த நான்கு குளம்படிகளைக் கண்டார். கணவனும் மனைவியும் உதைகளையும் ஓட்டத்தையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தனர்.

அடுத்துவந்த ஆண்டுகளில் அக்குதிரையின் இயல்பு நன்கு விளங்கிற்று. ஆண்டுக்கு ஓரிரு முறையே அது வரும். தொம்மை ரயிலுக்குப் புறப்படும் முன்னரே வந்துவிடும். இரு முறை உதைத்தால் இரண்டாம் ஓட்டம். ஆறு முறை உதைத்தால் ஆறாம் ஓட்டம். வெல்வது எது என்பதை மட்டும் அது ஒருபோதும் கூறியதில்லை. தன் இனத்தாரைக் காட்டிக்கொடுக்க விரும்பவில்லை போலும். ஆயினும் அது குறித்த ஓட்டத்தில், வெல்லவிருக்கும் குதிரை வளையத்திலேயே துலங்கித் தெரிந்தது. இருதயசெல்வி நிபந்தனை ஒன்றை விதித்தார். "அது சொன்ன ஓட்டத்துக்குக் கட்டிக்கோ. சொல்லாத ஓட்டத்துல கை வெச்சன்னு வெய்யி, விக்கிரவாண்டிக்கு என் தம்பி ஊட்டுக்குப் போய்க்கினே இருப்பேன். குதிரையும் என்கூட வந்துடும். மல்லாட்டை எனுது."

தொம்மை இதற்கு உடன்பட்டார். ஆனால் கிண்டிக்குப் போகாதிருக்க அவரால் இயலவில்லை. ஆகவே ஞாயிறுதோறும் சென்று, வளையத்தருகே நின்று, குதிரைகளை நெடுநேரம் பார்த்து, கட்டாமல் திரும்பினார். "கல்யாண ஊட்டுக்கு வந்து பட்டினி கெடக்கிற ஆளை இப்பத்தான்யா பாக்குறேன்," என்றார் தேவநாதன். "நீ தின்னுட்டு அவஸ்தைப்படறதையுந்தான் பாக்குறேன்," என்றார் தொம்மை. ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் கட்டி, அத்தனையிலும் வெல்பவர் என்ற செய்தி மெல்லப் பரவவே, பந்தயப் பிரியர்கள் அவரது சட்டைப்பையைக் கவனிக்கலாயினர். ஒருமுறை அவர் வியர்வை துடைக்கக் கைக்குட்டையை எடுக்க, பின்னால் நின்ற கூட்டம் எந்தக் குதிரை என்று அறியாமலேயே கட்டுமிடத்தை நோக்கி ஓடிற்று. இவ்வாறு பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன. தொம்மையின் ஓலைக்கூரை ஓடாயிற்று, ஓடு மாடியாயிற்று.

2011ஆம் ஆண்டு தேவநாதன் ரயிலில் ஒரு யோசனை கூறினார். "இன்னாத்துக்குப்பா வருஷத்துக்கு ரெண்டு தபா? தீனிய நல்லதா போட்டுப் பாரு. தெனமும் வரும்." தொம்மை அன்று மாலையே, மண்டியிலிருந்து விதைக்கென வந்த மூட்டையைப் பிரித்து, மணலிலிட்டு வறுத்து, வெல்லம் கலந்து, தாமே தைத்த புதுத் தார்ப்பாயில் பரப்பினார். குதிரை வந்தது. மறுநாளும் வந்தது. ஞாயிறன்று அது அன்றைய ஓட்டங்களின் எண்ணிக்கையையும் விஞ்சி உதைத்தது. இதனை எல்லா ஓட்டங்களுக்குமான அனுமதியாகத் தொம்மை கொண்டார். குறிப்பு உணர்த்தும் உதைக்கும் தின்பண்டம் கண்ட உதைக்கும் வேறுபாடு உண்டென்று அவர் கருதவில்லை. அவ்வாறே சில ஞாயிறுகள் சென்றன. தோற்ற கடனுக்குத் தார்ப்பாய் தைக்கும் இயந்திரம் வீட்டைவிட்டுப் போயிற்று. மண்டிக்காரர் விதை கேட்டு வந்தபோது, இருதயசெல்வி வறுத்த பருப்பு ஒன்றை வாயிலிட்டு மென்றார். "வெதையப் போய் வறுப்பாங்களாய்யா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, துணிப்பையுடன் விழுப்புரம் பேருந்தில் ஏறினார்.

பேருந்தின் பின்னால் குளம்பொலி கேட்டதாகப் பயணிகள் கூறினர். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில், பேருந்து கடந்த பின்னும் தடுப்புக்கோல் இறங்காமல் நின்றது. ஊழியர் கட்டணப் பலகையைப் பார்த்தார். கார், லாரி, பேருந்து ஆகியவற்றுக்குக் கட்டணம் எழுதியிருந்தது, குதிரைக்கு இல்லை. போகவிட்டார்.

அதன்பின் தொம்மை கிண்டியிலிருந்து திரும்புகையில் திண்டிவனத்தில் இறங்காமல் விக்கிரவாண்டி வரை சென்று, மைத்துனர் வீட்டு வாசலில் நின்று, "இன்னிக்கும் கட்டல, செல்வி," என்று கூறிச் செல்வதை வழக்கமாக்கிக்கொண்டார். "எதச் சொன்னாலும் நம்பறதுக்கு நான் இன்னா தேவநாதனா?" என்று உள்ளிருந்து விடை வரும். ஓராண்டுக்கும் மேல் அவர் கேட்டது இவ்விடை ஒன்றே.

2013ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஒரு ஞாயிறு காலை, தொம்மையின் கைப்பேசி ஒலித்தது. "மூணு தபா ஒதச்சிச்சு. மூணாவது ஓட்டம். போய் கட்டு," என்றார் இருதயசெல்வி. உண்மையில் அன்று தம்பி வீட்டு வாசலில் காய்ந்த மல்லாட்டையின் மேல் காக்கையைத் தவிர எதுவும் நிற்கவில்லை. குதிரை வீட்டின் பின்புறம் இருந்தது. அங்கே கரும்புத் தோகைகள் அந்தரத்தில் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருந்தன.

மூன்றாம் ஓட்டத்திற்குமுன் தொம்மை வளையத்தருகே நின்றார். மனைவி தாமாக அழைத்துச் சொன்ன சொல்லைத் தட்டினால் அவர் திரும்பி வரவே மாட்டார் என்று அஞ்சினார். குதிரைகள் சுற்றி வந்தன. ஒன்று தூங்கி வழிந்தது. ஒன்று பின்னங்காலைப் பார்த்துப் பார்த்து வைத்தது. எல்லோரும் நம்பியிருந்த குதிரையோ தன்னை நடத்தியவரின் தொப்பியைக் கடித்துக்கொண்டிருந்தது. எதுவும் துலங்கவில்லை. "ஜல்தி பண்ணுப்பா, கவுண்டர மூடிடப்போறான். பொண்டாட்டி பேச்சையே கேக்க மாட்டியா?" என்றார் தேவநாதன். தொம்மை சட்டைப்பையில் கைவிட்டார். பின்னால் பல கைகள் பைகளுக்குள் நுழைந்தன. அவர் கைக்குட்டையை எடுத்து முகம் துடைத்து, மீண்டும் மடித்து வைத்துக்கொண்டார்.

மாலையில் மைத்துனர் வீட்டு வாசலில் நின்று, "மூணாவதுல ஒண்ணுமேயில்ல செல்வி. சும்மா சுத்திக்கினு இருந்துச்சுங்க. அது குதிரை சொன்னது இல்ல, நீ சொன்னது," என்றார்.

"கட்டினியா?"

"இல்ல."

"நான் சொல்லியுமா?"

"நீ சொல்லியுந்தான்."

இருதயசெல்வி கையிலிருந்த முறத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு உள்ளே சென்று, முன்பே கட்டி வைத்திருந்த துணிப்பையைக் கொண்டுவந்தார். "நீ தூக்கு. குதிரை தூக்காது."

திண்டிவனம் பேருந்து சுங்கச்சாவடியைக் கடக்கையில், "அதே குதிரைதானா?" என்று ஊழியர் கேட்டார், நடத்துநர் ஆமென்று தலையசைக்க, தடுப்புக்கோல் சற்று நேரம் கூடுதலாக உயர்ந்து நின்றது. குதிரை இப்போதும் ஆண்டுக்கு ஓரிரு முறை மல்லாட்டையின் மேல் ஏறுகிறது. அந்த விதை நன்றாக முளைக்கிறதென்று விழுப்புரத்துக்கு அப்பால் காணை வரையுள்ள விவசாயிகள் கேட்டு வாங்குகின்றனர். ஏனைய ஞாயிறுகளில் தொம்மை வழக்கம்போல் கிண்டிக்குச் சென்று, கட்டாமல் திரும்புகிறார். கைக்குட்டையை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுச் செல்கிறார்.