உள்ளே நின்ற ஆள்

ஐஸ் பெட்டியின் மேல் இன்னொரு மாலை விழுந்து தம்பியின் முகத்தை மறைத்தது. அன்புமொழி அதைத் தூக்கி ஓரமாக வீசினாள். போட்டவர் முகம் சுளித்தார். சுளிக்கட்டும். செத்தவன் முகத்தைப் பார்க்கத்தானே வல்லத்திராக்கோட்டை வரைக்கும் வந்திருக்கிறார்கள், பூவைப் பார்க்கவா?

பந்தலில் பேச்சு ஒன்றே ஒன்றுதான். கோட்டைப்பட்டினம் பக்கம் மீன் கம்பெனி தீப்பிடித்ததில், தீயணைப்பு வீரன் கவியரசன் உள்ளே மாட்டிக்கொண்ட ஒருவரைக் காப்பாற்றிவிட்டுப் புகையில் மூச்சுமுட்டிச் செத்துப்போனான். நிலைய அலுவலர் வந்ததும் வராததுமாக இதைத்தான் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் அம்மா காத்தாயி ஒரு வாய் காப்பி குடித்தாள்.

தம்பியோடு வேலை பார்த்த அடைக்கலம் அன்புமொழியைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூப்பிட்டான்.

"அக்கா, உள்ள யாருமே இல்லக்கா."

"என்னடா சொல்ற?"

"புகைக்குள்ள ஆள் இருந்தா, ஒடம்புச் சூட்ட வச்சு உருவம் காட்டுற கேமரா ஒண்ணு இருக்கு. கவி அதத்தான் கொண்டு போனான். வாக்கிடாக்கியில சொன்னான், 'ஒருத்தர் நிக்கிறாரு, நான் கையாட்டுனா அவரும் கையாட்டுறாரு'ன்னு. சிலிண்டர்ல காத்து தீரப்போவுது, வந்துருடான்னு கத்துனேன். கேக்கல. குளிர் ரூம் கதவுகிட்டதான் கெடந்தான். பளபளன்னு எவர்சில்வர் கதவுக்கா. இன்னைக்குக் காலையில அதே எடத்துல கேமராவ வச்சுப் பாத்தேன். கதவுல நான்தான் தெரிஞ்சேன்."

அன்புமொழி பந்தல் பக்கம் திரும்பி அலுவலரைப் பார்த்தாள்.

"இதெல்லாம் ஒங்களுக்குச் சொல்லித் தரலையா?"

"கேமரா வந்த அன்னைக்கு ஆன் பண்ணிக் காட்டுனாங்க. அதோட நின்னு போட்டோ எடுத்தோம். முறையா ட்ரெய்னிங் குடுங்க சார்னு கவி கேட்டான். ஒடைச்சா யாரு பதில் சொல்றதுன்னு ஆபீசர் சார் பீரோவுல வச்சுப் பூட்டிட்டாரு. நேத்துதான் வெளிய வந்துச்சு."

அன்புமொழி பந்தலுக்குள் விறுவிறுவென்று போனாள். அலுவலர் மலர்வளையத்தோடு போட்டோக்காரருக்காகக் காத்து நின்றார். இங்கேயும் போட்டோ.

"எந்தம்பி யார சார் காப்பாத்துனான்?"

அவர் அடைக்கலத்தைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அம்மாவுக்கு ஒரு ஆறுதலா இருக்கட்டும்னுதாங்க. மத்தத அப்புறம் பேசிக்குவோம்."

"யாருக்கு ஆறுதல்? அவனுக்கு அவனே கையாட்டிக்கிட்டுச் செத்திருக்கான் சார்!"

"அன்பு!" பெட்டியோரத்திலிருந்து அம்மா அதட்டினாள். "பெரியவங்ககிட்ட என்ன சத்தம்?" பிறகு அலுவலரைப் பார்த்துக் கைகூப்பினாள். "ஐயா, எம்புள்ள காப்பாத்துனவங்க இப்ப நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்கம்மா." கொஞ்சமும் கூசாமல் சொன்னார்.

"ஒருக்கா வந்துட்டுப் போகச் சொல்லுங்கய்யா. அவங்க மொகத்தப் பாத்துட்டா போதும், எம்புள்ளய எடுத்துரலாம்."

அலுவலர் அன்புமொழியைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள், வர முடியாது என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனுசன் தப்பித்துவிடுவார். யாருமே இல்லை என்று சொல்லிவிடவும் அவளால் முடியும். கோபம் இரண்டுக்கும் விடவில்லை.

"கேட்டுச்சுல்ல சார்?" பந்தல் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "போய்க் கூட்டிட்டு வாங்க. அவங்க வந்தாத்தான் எடுப்போம்."

கொட்டு நின்றது. யார் வரப்போகிறார்கள் என்று எல்லோரும் ரோட்டுப் பக்கம் திரும்பினார்கள். அலுவலர் மலர்வளையத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். நல்லா முழிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டே அன்புமொழி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

காத்தாயி பக்கத்தில் இருந்தவர்களை அங்கிட்டு நகரச் சொல்லி, பாயில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் பண்ணி, அதைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.