பதினேழாம் நம்பர் சக்கரம்

மதலைமுத்துவுக்குக் கோபம் வந்தால் கைதான் முதலில் பேசும். வாய் அப்புறம் வரும். பொம்மசந்திராவில் அந்த இரும்பு வார்ப்பு ஃபவுண்டரியில் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தும் அவனிடம் வாயைக் கொடுக்கிற ஆள் ஒருவன்தான் இருந்தான், கார்த்திகேசன். அவன் இன்ஸ்பெக்டர், மதலைமுத்து ஊற்றிய வார்ப்புகளைத் தட்டிப் பார்த்துக் குறை சொல்வது அவன் வேலை. அது போதாதென்று, மதலைமுத்துவின் தங்கை மௌரீனை ஆறு வருஷத்துக்கு முன்னால் முருகன் கோயிலில் வைத்துத் தாலி கட்டிக் கூட்டிக்கொண்டு போனவனும் அவன்தான். மதலைமுத்துவின் வீடோ, தங்கவயலிலிருந்து வந்து நீலசந்திராவில் குடியேறி, மாதா கோயிலில் ஒரு ஞாயிறு பூசைகூடத் தவறாத வீடு. அன்றிலிருந்து அண்ணன் தங்கைக்குள் பேச்சு கிடையாது.

அந்த ஃபவுண்டரியில் ஒரு வழக்கம் இருந்தது. இன்ஸ்பெக்டர் ஒரு வார்ப்பின் மேல் சிவப்பு பெயிண்டால் குறுக்குக்கோடு போட்டுவிட்டால், அதை ஊற்றியவனே சம்மட்டி எடுத்து உடைக்க வேண்டும். சாப்பாட்டு மணி அடித்தபிறகு, அத்தனை பேரும் பார்க்க உடைக்க வேண்டும். ரோஷம் வந்தால் வேலை சுத்தமாகும் என்று முதலாளி கணக்குப் போட்டிருந்தார். ரோஷம் என்னவோ நன்றாகத்தான் வந்தது.

அந்தத் திங்கட்கிழமை சிவப்பு விழுந்தது பதினேழாம் நம்பர் ஃப்ளைவீலில். டீசல் ஜெனரேட்டர் எஞ்சினுக்குப் பின்னால் சுழல்கிற கனத்த இரும்புச் சக்கரம் அது. அது எப்படிக் கெட்டது என்பது மதலைமுத்துவுக்குத் தெரியும். நாலு நாள் முன்னால் அவன் உருகிய இரும்பை அச்சுக்குள் சாய்த்துக்கொண்டிருந்தபோது, "இரும்பு ஆறிப்போச்சுய்யா, ஊத்தாதே!" என்று பின்னாலிருந்து கார்த்திகேசன் கத்தினான். மதலைமுத்து கரண்டியை நிமிர்த்திவிட்டுத் திரும்பி, அவனையும் அவன் அம்மாவையும் சேர்த்து ஒரு வார்த்தை சொன்னான். சொல்லி முடித்துவிட்டு மீதியை ஊற்றினான். எல்லாம் ஏழெட்டு நொடிதான். ஆனால் அந்த ஏழெட்டு நொடியில் உள்ளே போன இரும்பு மேலே தோல் கட்டிவிடும். பிறகு விழுகிற இரும்பு அதோடு சேராது, பக்கத்தில் படுத்துக்கொள்ளும். கோல்ட் ஷட் என்பார்கள். வெளியே பார்த்தால் ஒரு தலைமுடி கனத்துக்குக் கோடு, உள்ளே சக்கரம் இரண்டு துண்டு. பதினாறு வருஷம் இரும்பு ஊற்றியவனுக்கு, பாதியில் நிறுத்தக் கூடாது என்று ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இந்த மாசத்துல இது மூணாவது," என்றான் கார்த்திகேசன், சம்மட்டியைக் காலால் தள்ளிவிட்டு. "உடை."

"உன் வாயாலதான் இது கெட்டுப்போச்சு. நீ இன்னாத்துக்குக் கூவினே?"

"ஊத்தாதேன்னுதான் சொன்னேன். பாதியில நிறுத்திட்டு என் ஆத்தாளைத் திட்டுன்னு சொல்லலையே. உங்க வீட்டுல எதையுமே ஒழுங்கா முடிக்க மாட்டீங்களாய்யா? மௌரீனே சொல்லுவா..."

தங்கை பேர் வந்ததும் மதலைமுத்துவின் முஷ்டி போய் அவன் வாயில் இறங்கியது. உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் கொட்டியது. கார்த்திகேசன் சும்மா விடவில்லை, அடிவயிற்றில் முட்டியால் குத்தினான். இருவரும் கரிமணலில் கட்டிப் புரண்டார்கள். ஒருவன் மற்றவன் தலையைப் பிடித்துத் தரையில் மோதினான், மற்றவன் இவன் காதைக் கடித்தான். ஆட்கள் ஓடிவந்து பிரித்தார்கள். கார்த்திகேசன் துப்பிவிட்டு மேனேஜருக்குப் போன் போட்டான். மதலைமுத்து பிடித்திருந்த கைகளை உதறிக்கொண்டு வந்து அந்தப் போனைப் பிடுங்கினான். அதைப் பதினேழாம் நம்பர் சக்கரத்தின் மேல் வைத்துச் சம்மட்டியால் ஒரே போடாகப் போட்டான்.

"உடைக்கச் சொன்னியே. உடைச்சிட்டேன், போ."

கார்த்திகேசன் உதட்டில் தையல் போட்டுக்கொள்ளப் போனான். சண்டையில் சக்கரத்தை எல்லோரும் மறந்துபோனார்கள். சாயங்காலம் ஷிப்டு முடிந்ததும் மதலைமுத்து ஒரு துணியில் தின்னர் நனைத்துச் சிவப்பை அழித்தான். எமரித் தாளால் கோட்டைத் தேய்த்தான். கோடு போய்விட்டது. இந்த ஒரு முடியா எஞ்சினை உடைக்கப் போகிறது என்று சொல்லிக்கொண்டே சக்கரத்தை நல்லவற்றோடு உருட்டி வைத்தான். அவனுக்கு அது வெற்றியாகக்கூட இருந்தது. வெட்கக்கேடான வெற்றி.

செவ்வாய்க்கிழமை லாரி வந்து இருபது சக்கரங்களையும் எஞ்சின் கம்பெனிக்கு ஏற்றிக்கொண்டு போனது. புதன்கிழமை காலை, வார்ப்புக் கரண்டியின் மறுமுனை பிடிக்கிற கண்ணா பேச்சுவாக்கில் சொன்னான்.

"உன் மாப்ள இன்னிக்கு வரமாட்டான். ஜிகினி எஞ்சின் பார்ட்டி கூப்பிட்டிருக்காங்க. போன லாட்டுல எஞ்சின் அதிருதுன்னு கம்ப்ளெயிண்டாம். இந்த வாட்டி ஒவ்வொரு வீலையும் எஞ்சின்ல மாட்டி, ஒண்ணரை மடங்கு ஸ்பீடுல ஓட்டிப் பாக்கறாங்களாம். இவன் பக்கத்துலயே நின்னு கையெழுத்துப் போடணுமாம்."

மதலைமுத்து குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தான். இன்ஸ்பெக்டருக்குக் கோடுதான் நினைவிருக்கும், நம்பர் இருக்காது. நம்பர் ஊற்றியவனுக்குத்தான் நினைவிருக்கும். கோடோ இப்போது இல்லை. கெட்டதை உடைத்தாகிவிட்டது என்ற நினைப்பில் அந்த மடையன் சக்கரத்தின் பக்கத்தில் போய்க் கைகட்டி நிற்பான்.

போன் போட்டான். கார்த்திகேசனின் நம்பர் ஸ்விட்ச் ஆஃப் என்றது ஒரு குரல். போனை உடைத்தது யார் என்று அப்புறம்தான் உறைத்தது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக மௌரீனைக் கூப்பிட்டான்.

"அவன் எங்க இருக்கான்? வேற நம்பர் எதுனா இருக்கா?"

"ஏது நம்பர்? இருந்த ஒரு போனையும் நீதானே சம்மட்டியால அடிச்சே. உதட்டுல அஞ்சு தையல் அவருக்கு. இன்னும் அடிக்கணுமா?" என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

ஆபீசுக்கு ஓடினான். ஜிகினிக்காரர்களின் நம்பர் அங்கே சுவரில் எழுதியிருக்கும். டைப் அடித்துக்கொண்டிருந்த லாவண்யா நிமிர்ந்து, "இன்னா விஷயம்ண்ணா?" என்றாள். உள்ளே மேனேஜர் உட்கார்ந்திருந்தார். நான்தான் சிவப்பை அழித்தேன் என்ற மூணு வார்த்தை அவன் தொண்டை வரைக்கும் வந்தது. வந்து நின்றது.

"ஒண்ணுமில்ல," என்றான்.

அந்த ஒண்ணுமில்லைக்கு அவனை எத்தனை செருப்பால் அடித்தாலும் தகும்.

கண்ணாவின் பைக்கை எடுத்துக்கொண்டு ஜிகினி லிங்க் ரோட்டில் பறந்தான். லாரிகளுக்கு நடுவில் நுழைந்தான். ஒரு டெம்போவின் கண்ணாடி அவன் தோளில் பட்டு உடைந்தது, டிரைவர் கன்னடத்தில் ஏழு தலைமுறையையும் இழுத்தான். மதலைமுத்து திரும்பிப் பார்க்கவில்லை. போய்ச் சொல்ல வேண்டிய வார்த்தையை மட்டும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். எஞ்சினை நிறுத்து. பதினேழு கெட்ட பீஸ். எஞ்சினை நிறுத்து.

கேட்டில் வாட்ச்மேன் குறுக்கே கையை நீட்டினான். "ஏய், நில்ரீ!" என்றவனை நெஞ்சில் தள்ளிவிட்டு உள்ளே ஓடினான். கொட்டகைக்குள் எஞ்சின் அலறிக்கொண்டிருந்தது. சுவரோரம் ரேக்கில் சக்கரங்கள் வரிசையாக நின்றன. பதினைந்து, பதினாறு. அப்புறம் ஓர் இடம் காலி. அப்புறம் பதினெட்டு.

கம்பிவலை அடைப்புக்கு உள்ளே, சுழலும் சக்கரத்துக்கு நேர் பக்கவாட்டில், கையில் நோட்டோடு கார்த்திகேசன் நின்றான். உதடு வீங்கியிருந்தது. அவனுக்கு அந்தப் பக்கம், வேகத்தைக் கூட்டுகிற கைப்பிடியில், நீலச் சட்டை போட்ட ஒரு பெண் காதடைப்பு மாட்டிக்கொண்டு நின்றாள். நாற்பது வயதிருக்கும். ஓடி வந்தவனைப் பார்த்து, அங்கேயே நில் என்பதுபோல் ஒரு கையைக் காட்டிவிட்டு மறுபடி மீட்டரைப் பார்த்தாள்.

மதலைமுத்து வாயைத் திறந்தான். வழியெல்லாம் சொல்லிப் பார்த்தது வரவில்லை. அந்த வீங்கின உதட்டைப் பார்த்ததும் ஆறு வருஷத்துப் பழக்கம்தான் வந்தது.

"டேய் கார்த்தி! வெளிய வாடா!"

கார்த்திகேசன் பார்த்தான். இங்கேயும் அடிக்க வந்துவிட்டான் என்றுதான் எவனும் நினைப்பான். அவன் நோட்டைக் கடாசிவிட்டு, கிடந்த ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு அடைப்பை விட்டு வெளியே வந்தான். பின்னாலிருந்து வாட்ச்மேனும் இன்னொருவனும் மதலைமுத்துவின் இரண்டு கைகளையும் முறுக்கிப் பிடித்தார்கள். ஸ்பேனர் அவன் தாடையில் இறங்கியது. பல் ஒன்று நாக்கின் மேல் விழுந்தது. அதையும் ரத்தத்தையும் துப்பிவிட்டுத்தான், "எஞ்சினை நிறுத்து," என்று அவனால் சொல்ல முடிந்தது. பக்கத்தில் நின்றவனுக்கே அது கேட்கவில்லை.

சக்கரம் வெடித்தது.

சத்தம் வயிற்றில் அடித்தது. பாதிச் சக்கரம் கம்பிவலையைக் காகிதம்போல் கிழித்துக்கொண்டு, கார்த்திகேசன் நின்றிருந்த இடத்தின் வழியாகப் போய்ச் சுவரை உடைத்தது. மறு பாதி அந்தப் பக்கம் போனது. எஞ்சின் மேடையிலிருந்து பிய்த்துக்கொண்டு சாய்ந்தது, சூடான எண்ணெய் கூரைவரை பீய்ச்சி அடித்தது. யாரோ எங்கோ ஸ்விட்சை அணைத்தார்கள். புகை கொஞ்சம் விலகியபோது நீலச் சட்டைக்காரி கைப்பிடிக்குக் கீழே கிடந்தாள். நெஞ்சுக்கு மேலே பார்க்க முடியவில்லை. சட்டைப் பையில் நூலால் தைத்திருந்த பெயரை மட்டும் படிக்க முடிந்தது. தமயந்தி.

பிடித்திருந்தவர்கள் கையை விட்டதும் மதலைமுத்து அங்கேயே முழங்காலிட்டான். வழியெல்லாம் அவன் கண்ணில் அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒருவன்தான் நின்றுகொண்டிருந்தான். எஞ்சினை ஓட்ட ஓர் ஆள் வேண்டும் என்பது அவன் மண்டையில் ஏறவே இல்லை. ஆபீசிலிருந்து ஒரு போன் போட்டிருந்தால் இவள் இப்போது மத்தியானச் சோற்றுக்குக் கை கழுவிக்கொண்டிருப்பாள்.

கார்த்திகேசன் உடைந்த சின்னத் துண்டு ஒன்றைக் குனிந்து எடுத்தான். துண்டு உடைந்த இடத்தில் ஒரு பக்கம் மின்னியது. மறுபக்கம் மழமழவென்று கறுத்திருந்தது, என்றைக்குமே ஒட்டியிராத இடம். போல்ட் துளையின் உள்விளிம்பில், துணி எட்டாத மூலையில், சிவப்பு பெயிண்ட் நகக்கண் அளவுக்கு ஒட்டியிருந்தது. அவன் மதலைமுத்துவைப் பார்த்தான். சுற்றிலும் பார்த்தான். துண்டைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மச்சான்," என்றான். அவன் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "என்னைக் காப்பாத்தத்தான் வந்தியா? வாயைத் தொறக்காத. நான் பாத்துக்கறேன். மௌரீன் உன்னை நினைச்சு அழாத நாளில்ல."

ஆறு வருஷம் உள்ளுக்குள் ஏங்கியது மடியில் வந்து விழுந்தது. எடுத்துக்கொள்ள ஒன்றும் சொல்லாமல் இருந்தால் போதும். காலையில் ஆபீஸ் வாசலில் இருந்ததுபோல.

ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தி, தமயந்தியின் பக்கத்தில் விழுந்து தலையில் அடித்துக்கொண்டாள். எப்படி ஆச்சு, எப்படி ஆச்சு என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

மதலைமுத்து கார்த்திகேசனின் பைக்குள் கைவிட்டுத் துண்டை எடுத்தான். கார்த்திகேசன் அவன் மணிக்கட்டைப் பிடித்தான். மதலைமுத்து உதறிக்கொண்டு எழுந்தான்.

"இத ஊத்தினது நான்," என்றான். "ஊத்தறப்போ பாதியில நிறுத்தினேன். இவரு சிவப்புக் கோடு போட்டாரு. அழிச்சது நான்தான். இத ஓட்டிப் பாக்கப் போறாங்கன்னு காலையிலயே எனக்குத் தெரியும். சொல்லல."

தமிழில் சொன்னதைக் கன்னடத்திலும் சொன்னான், ஒருவரும் புரியாமல் போய்விடக் கூடாது என்று.

முதல் அடி வாட்ச்மேனுடையது. அப்புறம் எத்தனை பேர் என்று தெரியவில்லை. கம்பியாலும் பூட்ஸ் காலாலும் அடித்தார்கள். கார்த்திகேசன் குறுக்கே விழுந்து, "விடுங்கய்யா, செத்துருவாரு!" என்று கத்தினான், அவனுக்கும் விழுந்தது. மதலைமுத்து கையைத் தூக்கவே இல்லை. இரண்டையும் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான், பிறகு விழுந்தான். வாய் மட்டும், பல் போன வாய், ரத்தத்துக்கு நடுவே எஞ்சினை நிறுத்து, எஞ்சினை நிறுத்து என்று சொல்லிக்கொண்டே இருந்தது.